துண்டுக்கு வெளியே

யுவராணி இறந்த எட்டாவது மாதம் கார்த்திக்ராஜ் ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் கையெழுத்துக் கேட்டான்.

போடியில் நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடைக்கே வந்துவிட்டான். உள்ளே பெண்கள் காயைச் சலித்து எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனிக் காற்று தூசியை அள்ளி உள்ளே போடும் என்பதால் முன்கதவைச் சாத்தியிருந்தோம். பக்கவாட்டு வழியாக நுழைந்து ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தான்.

“மாப்ள, இந்த எடத்துல ஒரு கையெழுத்துப் போடு.”

“எதுக்கு?”

“நம்ம வாசகர் வட்டத்துப் புத்தகம் வருதுல்ல. யுவராணி கட்டுரையும் அதுல இருக்கு. செத்துப்போனவுக எழுத்துக்கு வாரிசு சம்மதம் இல்லாம அச்சடிக்க மாட்டேன்னு பிரஸ்காரம்மா சொல்றாக. முன்னால ஏதோ வழக்கு வந்துச்சாம்.”

கட்டுரையின் அச்சு மாதிரியையும் கொடுத்தான். ஒன்பது பக்கம். அங்கேயே நின்று படித்தேன். நன்றாக இருந்தது. இரண்டு இடங்களில் என் கட்டுரையைக் குறிப்பிட்டிருந்தாள். ‘என் கணவர் முத்துராஜா சொல்வதுபோல’ என்ற வரியை மட்டும் மறுபடி படித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

அவன் தாள்களை வாங்கிப் பையில் வைத்தான். இன்னொரு தடவை படிக்கத் தருவாயா என்று கேட்டேன்.

“புத்தகமாவே படி மாப்ள. காலேஜ்ல ரெண்டு பீரியட் இருக்கு,” என்று கிளம்பிவிட்டான்.

*

நானும் கார்த்திக்ராஜும் மதுரையில் எம்.ஏ. பொருளாதாரம் ஒன்றாகப் படித்தோம். அவன் தேனியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். ஐந்து வருடத்துக்கு முன் இருவரும் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் ஆரம்பித்தோம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, தேனி பஜாரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவோம். ஒரு நாவல், இல்லாவிட்டால் நாலைந்து சிறுகதை. எல்லாரும் படித்துவிட்டு வர வேண்டும். வந்து உட்கார்ந்ததும் மூன்று கேள்வி. இந்தக் கதையில் முடிவெடுத்தது யார்? அதற்கு விலை கொடுத்தது யார்? வேண்டாம் என்று சொல்ல அவரால் முடிந்ததா?

மற்ற இலக்கியக் கூட்டங்களில் எங்களுக்கு ‘ஏலக்காய் விமர்சகர்கள்’ என்று பெயர். ஒருமுறை பெரியகுளத்தில் ஒருவர் எழுந்து, “இவுக தாலாட்டைக் கேட்டாலும் தொட்டில் என்ன வெலைன்னுதான் கேப்பாக,” என்றார். கார்த்திக்ராஜ் உட்கார்ந்தபடியே, “தொட்டில் செஞ்ச ஆசாரி வீட்லயும் பிள்ளை அழுகும்ல அண்ணே,” என்றான். சபை சிரித்தது. எனக்கு அந்தப் பதில் பிடித்தது. இப்போதும் பிடிக்கும்.

நாங்கள் பேசியதில் விஷயம் இருந்தது. தமிழ்க் கதையில் வியாபாரி என்றால் தொப்பை. தரகர் என்றால் தங்கப்பல். வட்டிக்குக் கொடுப்பவர் அடுத்தவன் பெண்டாட்டியைப் பார்ப்பார். மழை பொய்த்த வருடம் வேறு யாரும் கொடுக்காதபோது அவர்தான் கொடுத்தார் என்பதைக் கதாசிரியர் ஒரு வரியில் தாண்டிவிடுவார். ஊர்க்கூட்டம் ஒருவனைத் தள்ளிவைத்தால் எழுதுகிறவருக்குக் கண் கலங்கும். தன் நிலத்தைத் தான் விரும்பியவருக்கு விற்க அதே கூட்டம் அவனைத் தடுத்தால் அதற்கு ஊர் ஒற்றுமை என்று பெயர். மனிதன் யாருடைய சொத்தும் இல்லை, ஊருக்கும் இல்லை, குடும்பத்துக்கும் இல்லை என்று அந்த மாடியில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

என் பெயர் கொஞ்சம் வெளியே தெரிந்ததும் ஒரு கட்டுரையால்தான். தலைப்பு, ‘துண்டுக்குள் சுதந்திரம்’. என் அப்பா தங்கப்பாண்டியன் மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். இருவர் கையையும் ஒரு துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை கேட்டார், என்ன விலைக்கு இறங்கினார் என்று தெரியாது. பழைய கதைகளில் இதை ஏமாற்று வேலையாக எழுதியிருப்பார்கள். நான் மாற்றி எழுதினேன். அந்தத் துண்டுதான் இருப்பதிலேயே சின்னச் சந்தை, சுத்தமான சந்தை. ஊரின் கண்ணும் சாதியின் வாயும் அதற்குள் நுழைய முடியாது. இருவர் ஒப்பந்தத்தில் மூன்றாமவருக்கு வேலை இல்லை. இதுதான் கட்டுரை.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “தரகு வேலையில இம்புட்டு இருக்கா? தெரியாமப்போச்சே, கமிசனக் கூட்டிக் கேட்ருப்பேன்,” என்றார்.

*

யுவராணி எம்.ஏ. தமிழ். தேனியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. எங்கள் வீடு தேவாரத்தில். காலையில் ஏழு மணிப் பேருந்தில் போய் மாலை ஆறேமுக்காலுக்கு வருவாள். கல்யாணமான புதிதில் என் மனைவி என்று வட்டத்துக்கு வந்து ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆறாவது மாதம் நடுவில் உட்கார்ந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ‘தரகு வீடு’ என்று ஒரு நாவல் படித்தோம். பழைய புத்தகம். மறுபதிப்பு கிடையாது, நகலெடுத்துப் படித்தோம். அதில் ஒரு மாட்டுத் தரகர். அவர் மனைவி பாண்டியம்மாள். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பசுவை அவளைக் கேட்காமலே அவர் விற்கிறார். துண்டுக்குள் விலை முடிகிறவரை பத்தடி தள்ளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள். கடைசி அத்தியாயத்தில் குச்சனூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்று ரோட்டுக்கு வருகிறாள். பேருந்து வருகிறது. நிற்கிறது. அவள் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போய் உலை வைக்கிறாள். நாவல் முடிந்தது.

அன்று நான்தான் பேசினேன். பொருளாதாரத்தில் ஒரு விதி உண்டு. ஒருவருக்கு என்ன வேண்டும் என்று அவர் வாயைக் கேட்காதே, அவர் கை எதை எடுக்கிறது என்று பார். “பேருந்து வந்தது. ஏறவில்லை. ஆகவே வீடுதான் அவள் விருப்பம். ஆசிரியர் அழுதாலும் நாம் அழத் தேவையில்லை,” என்றேன்.

யுவராணி கேட்டாள். “டிக்கெட்டுக்கு அவ கையில காசு இருந்துச்சான்னு நாவல்ல எங்கனயாச்சும் இருக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். “கண்டக்டரக் கேளு தாயி,” என்றான் கார்த்திக்ராஜ். நானும் சிரித்தேன். அவளும் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவள் எழுத ஆரம்பித்த கட்டுரைதான் இது. போன ஐப்பசியில் மூளைக் காய்ச்சல் வந்தது. நாலு நாள். அவ்வளவுதான்.

*

கையெழுத்துப் போட்ட அந்த வார ஞாயிற்றுக்கிழமை கார்த்திக்ராஜின் மனைவி ஹேமாவதி தேவாரத்துக்கு வந்தாள். யுவராணியுடன் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவள். தனியாக வந்திருந்தாள். அப்பா கூடத்தில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

“அண்ணே, கையெழுத்துப் போட்டுட்டீகளா?”

“போட்டேன்.”

“முழுசாப் படிச்சீகளா?”

“ஒம்பது பக்கமும் படிச்சேன்.”

“பதினாலு பக்கம்ண்ணே.”

நான் அவளைப் பார்த்தேன்.

“அவ குடுத்த நகல்ல கடைசி அஞ்சு பக்கத்த இவுக எடுத்துட்டாக. எங்கிட்டச் சொல்லல. பிரஸ்ல இருந்து வந்தத நேத்துத்தான் பாத்தேன். அவ கையெழுத்துல எழுதுன மூலம் ரூம்ல இருக்கு.”

“எந்த ரூம்?”

அவள் அப்பா பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் கத்தி கன்னத்தில் நின்றது.

“அவ ரூம்ண்ணே. தேனியில. பெரியகுளம் ரோட்டுக்குப் பின்னால ஒரு சந்துல மாடியில. போன வருசம் எடுத்தா. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லுவால்ல, பள்ளிக்கூடத்துல அப்படி ஒன்னு கெடையாது. அங்கனதான் இருப்பா. எழுதுவா. தூங்குவா. வேற ஒன்னும் இல்ல. எம் பிள்ளைக மேல சத்தியம்.”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கு. இவுகளுக்கு. ஒத்தப் பொம்பளைக்கு ரூம் தரமாட்டேன்னு வீட்டுக்காரரு சொன்னாரு. இவுகதான் தங்கச்சின்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாக.”

அப்பா பாதிச் சவரத்தோடு எழுந்து வந்தார். “ரூமா? இங்கன மூணு ரூமு சும்மாதான கெடக்கு?”

ஹேமாவதி ஒரு சாவியை எடுத்து டி.வி. மேசையில் வைத்தாள். “காலி பண்ண எனக்கு மனசு வரல. வாடகை அட்வான்சுலதான் கழிஞ்சுக்கிட்டு வந்துச்சு, அதுவும் இந்த மாசத்தோட முடியுது,” என்றாள்.

*

அன்று மதியமே போனேன். பைக்கை எதிர்காற்று தள்ளிக்கொண்டே இருந்தது.

அறை சின்னது. ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பாய். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. மேசையில் கரண்ட் கெட்டிலும் ஒரு டப்பா டீத்தூளும் இருந்தன. சர்க்கரை இல்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் காப்பி. அவளும் காப்பிதான் குடித்தாள், இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு. மூன்று வருடம்.

சுவரில் பென்சிலால் தேவாரம் பேருந்து நேரங்களை எழுதியிருந்தாள். 4.40. 5.25. 6.10.

கட்டுரை ஒரு ஃபைலில் இருந்தது. அவள் கையெழுத்தில் ஒரு பக்கம் அச்சிலும் ஒரு பக்கம்தான். பத்தாம் பக்கத்திலிருந்து படித்தேன்.

‘பாண்டியம்மாள் பேருந்தில் ஏறவில்லை, ஆகவே வீடுதான் அவள் விருப்பம் என்பது எங்கள் வட்டத்தின் தீர்ப்பு. ஏறியிருந்தால் எங்கே இறங்கியிருப்பாள்? அண்ணன் வீட்டு வாசலில். அங்கே அண்ணி முதலில் என்ன கேட்பாள் என்று நாவலைப் படிக்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். இறங்க இடம் இல்லாதவள் ஏறாமல் நின்றதை விருப்பக் கணக்கில் எழுதக் கூடாது.’

அடுத்த பக்கம்.

‘துண்டுக்குள் இருக்கும் இருவரும் சுதந்திரமானவர்கள். ஒப்புக்கொள்கிறேன். மாடு வெளியே நிற்கிறது. கயிற்றைப் பிடித்தபடி பாண்டியம்மாளும் வெளியே நிற்கிறாள். என் கணவரின் கட்டுரை நல்ல கட்டுரை. அதில் இவர்கள் இல்லை. சுதந்திரத்தைப் பற்றி எழுதும்போது முதலில் துண்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும்.’

பதின்மூன்றாம் பக்கத்தில் நாவல் பேச்சு முடிந்து அவளே வந்தாள்.

‘எனக்கு வீட்டில் குறை இல்லை. அடி இல்லை, பசி இல்லை. என் கணவரை யாரும் தவறாக நினைக்க வேண்டாம். எங்கள் வட்டத்தின் மூன்றாவது கேள்வியை எனக்கே போட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியுமா? தெரியவில்லை. தெரிந்துகொள்ள இந்த ஊரில் ஓர் அறை எடுத்தேன். நண்பர் கார்த்திக்ராஜ் உதவினார். இருவர் ஒப்பந்தத்தில் மூன்றாமவருக்கு வேலை இல்லை என்பதை என் கணவரிடம் கற்றேன். அதனால் அவரிடம் சொல்லவில்லை.’

கடைசிப் பக்கத்தில் பாதிதான் எழுதியிருந்தாள்.

‘இதுவரை நாற்பத்து மூன்று சனிக்கிழமைகள். எல்லா முறையும் திரும்பிவிட்டேன். ஒரு சனிக்கிழமை மட்டும் இரண்டு பேருந்துகளை விட்டேன். முன்பு அந்த வீட்டில் இருந்தேன். இப்போது அந்த வீட்டுக்குப் போகிறேன். இந்த வித்தியாசத்தைப் பாண்டியம்மாளுக்கு யாரும் கொடுக்கவில்லை.’

மூன்று தடவை படித்தேன்.

திரும்பிவிட்டேன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் ஆறுதல் அடைவேன் என்று ஹேமாவதி நினைத்திருக்க வேண்டும். எனக்கு அப்படி வரவில்லை. நாற்பத்து மூன்று சனிக்கிழமை இந்த நாற்காலியில் உட்கார்ந்து, என்னிடம் திரும்பிப் போகலாமா வேண்டாமா என்று யோசித்திருக்கிறாள். அதே சாயங்காலம் நான் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். ஸ்பெஷல் கிளாஸ் எப்படி என்று கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் படிக்கவே மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர்கூட வைத்திருந்தாள். சல்லடையில் கிடக்கும் காய்க்குத் தன்னைச் சலிக்கிறார்கள் என்று தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

எந்தச் சனிக்கிழமை இரண்டு பேருந்துகளை விட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அவள் தாமதமாக வந்ததை நான் கவனிக்கவே இல்லை.

*

திங்கட்கிழமை கல்லூரிக்கு எதிரே டீக்கடையில் கார்த்திக்ராஜைப் பிடித்தேன். ஃபைலை மேசையில் வைத்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“ஹேமாவா?”

“ஏலே, எட்டு மாசம். சுடுகாட்டுல எம் பக்கத்துலதான நின்ன?”

“நின்னேன்.”

“அப்பக்கூடச் சொல்லணும்னு தோணல?”

“அது அவ விசயம் மாப்ள. எடுத்து ஒனக்குக் குடுக்க அது எஞ்சொத்து இல்ல.”

“இந்த அஞ்சு பக்கம் மட்டும் ஒஞ்சொத்தாக்கும்? வெட்டித் தூரப்போட?”

டீ வந்தது. அவன் குடிக்கவில்லை.

“ஒம் மானத்துக்காகத்தான்டா எடுத்தேன். நாளைக்கு ஊருல என்ன பேசுவாக?”

“எம் மானமா, ஒம் பேரா? பதிமூணாம் பக்கத்துல ஒம் பேரு இருக்கு.”

“ரெண்டுந்தான்,” என்றான். “கல்யாணமான பொம்பளைக்கு வாத்தியாரு ரூம் எடுத்துக் குடுத்தாருன்னு காலேஜ்ல தெரிஞ்சா என்னாகும்? தங்கச்சின்னு பொய் சொல்லி வேற கையெழுத்துப் போட்ருக்கேன்.”

“தனிமனிதன் யாருக்கும் சொத்தில்லன்னு மேசையத் தட்டிப் பேசுவியே.”

“நீயுந்தான் தட்டுன. அவ ரூம் கேட்டப்ப நான் ஒங்கிட்டக் கேக்காம உதவி பண்ணுனேன் பாரு, அதுதான்டா அந்தக் கொள்கை. அதுக்கு மட்டும் ஏன் இம்புட்டுக் கோவம்?”

அதுதான் அதிகம் வலித்தது. அவன் சொன்னது சரி. என் வரிகளை வைத்தே இருவரும் என்னை வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

அவன் குரலைத் தாழ்த்தினான். “சரி, முடிஞ்சது முடிஞ்சுபோச்சு. நீதான் வாரிசு. சேக்கணும்னா சேப்போம். வேணாம்னா அந்த அஞ்சு பக்கத்த மறந்துருவோம். ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நம்ம ரெண்டு பேருக்குள்ள முடிச்சுக்கிருவோம்டா.”

மேசையில் அவன் கை என் கையை ஒட்டி இருந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

*

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஐந்து பக்கமும் அச்சாக வேண்டாம் என்றுதான் எனக்கும் இருந்தது. தேனி மாவட்டத்தில் அந்தப் புத்தகத்தை முந்நூறு பேர் வாங்குவார்கள். அந்த முந்நூறு பேரும் எனக்குத் தெரிந்தவர்கள்.

அப்பா நேராகவே சொன்னார். “ஊரு சிரிக்கும்டா. செத்தவளையும் சேத்து வச்சுச் சிரிக்கும். அடுப்புல போட்டு விடு.”

“அவ எழுதுனதுப்பா.”

“எழுதட்டும். தெனம் காலையில அஞ்சரைக்கு எங்கையில காப்பியக் குடுத்துட்டுத்தான் போவா. ஒரு சொல்லு சொன்னாளா? நான் என்ன அந்நியனா?” அவர் குரல் உடைந்தது. அவள் சாவுக்குக்கூட அவர் எனக்கு முன்னால் அழுததில்லை.

இரண்டு நாள் அந்த ஃபைல் என் பைக் பெட்டியில் கிடந்தது. கடையில் காய் பிரித்துக்கொண்டே அவளோடு சண்டை போட்டேன். பதினொன்றாம் பக்கத்தில் அவள் சொல்வது தவறு. மாட்டை ஒப்பந்தக்காரராக எடுத்துக்கொள்ள முடியாது. பதின்மூன்றாம் பக்கத்தில் என் வரியைத் திரிக்கிறாள். துண்டு என்பது சந்தையில் எதிரெதிரே நிற்கும் இரண்டு அந்நியர்களுக்கு. கணவன் மனைவிக்கு நடுவில் துண்டு போடுவேன் என்று நான் எங்கே எழுதினேன்? இப்படி ஒவ்வொன்றாக மறுத்தேன். நல்ல மறுப்புகள். சொல்லத்தான் ஆள் இல்லை.

புதன்கிழமை ஒன்று புரிந்தது. அச்சில் வராத ஒன்றை யாரும் மறுக்க முடியாது. ஒன்பது பக்க யுவராணி என்னோடு ஒத்துப்போகிறவள். அவளோடு எனக்குச் சண்டையே இல்லை. எனக்குக் கோபம் வர வேண்டுமென்றால் பதினாலு பக்கமும் வேண்டும்.

பிரஸ்ஸுக்குப் போனேன். ஞானபாக்கியம் அம்மா கடைவீதியில் தன் அப்பா காலத்துப் பிரஸ்ஸை நடத்துகிறவர். அறுபது வயதிருக்கும். கல்யாணப் பத்திரிகை, திருச்சபை மலர், ஏலக்காய் பில் புத்தகம் எல்லாம் அங்கேதான்.

“அம்மா, நான் குடுத்த சம்மதம் செல்லாது.”

“ஏன் தம்பி? மெசின்ல ஏத்தப்போற நேரத்துல.”

“கட்டுரை பதினாலு பக்கம். ஒம்பதுக்கு என் சம்மதம் இல்ல. பதினாலுக்கு இருக்கு.” மூலத்தைக் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே கடைசி ஐந்து பக்கத்தையும் படித்தார். நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்தார். படித்து முடித்துப் பக்கங்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினார்.

“யோசிச்சுட்டீகளா தம்பி?”

“யோசிச்சுட்டேன்.”

“அந்த வாத்தியாரு தம்பிக்கு ஒரு வார்த்த சொல்லிருறேன். தொகுப்பாசிரியர்னு அவுக பேருதான இருக்கு.”

எனக்கு முன்னாலேயே போன் போட்டார். ஸ்பீக்கரில் கார்த்திக்ராஜின் குரல் வந்தது. பதினாலு பக்கமும் வரப்போகிறது என்று அம்மா சொன்னார். பிறகு, “சேருங்கம்மா. எம் பேர மட்டும் எடுத்துட்டு ‘ஒரு நண்பர்’னு போட்ருங்க,” என்றான்.

அம்மா என்னைப் பார்த்தார்.

“அவ எழுதுனபடி,” என்றேன்.

“முத்து, பக்கத்துல இருக்கியாடா?” என்றது போன். “ஹேமாவுக்கும் அதே ஊர்லதான வேல? யோசிடா.”

“அவதான்டா எங்கிட்ட வந்து சொன்னா,” என்றேன். அவன் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. வட்டமும் கூடவில்லை.

புதிய தாளில் கையெழுத்துப் போட்டேன். கட்டுரைக்குக் கீழே என் மறுப்பு ஒன்றும் வர வேண்டும் என்று கேட்டேன். இரண்டு பக்கம் போதும்.

“வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள குடுத்துருங்க தம்பி. அதுக்கு மேல தாங்காது.”

*

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு அந்த அறைக்குப் போனேன். வீட்டில் எழுத முடியவில்லை, அப்பா வந்து வந்து பார்த்தார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். மாட்டைப் பற்றிய வாதத்தை முதலில் எழுதினேன். பொருளாதாரமாகப் பார்த்தால் சரியாகத்தான் வந்தது. படித்துப் பார்த்தேன். மாட்டைப் பற்றி யாருக்கு என்ன கவலை என்று தோன்றியது. அடித்தேன்.

அப்புறம் நிஜமாகவே சொல்ல விரும்பியதை எழுதினேன்.

‘என்னிடம் சொல்லியிருந்தால் இந்த அறையை நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்.’

நல்ல வரி. படிக்கிறவர்கள் எனக்காக வருத்தப்படுவார்கள். அவள்மேல் கொஞ்சம் கோபமும் வரும். இதிலிருந்தே தொடங்கலாம் என்று அடுத்த வரிக்குப் போனேன். பேனா ஓடவில்லை.

அவள் சொல்வதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை காலை. அடுப்படி. நான் போடிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். தேனியில எனக்குன்னு ஒரு ரூம் எடுக்கவா என்று கேட்கிறாள். நான் என்ன சொல்கிறேன் என்று காத்திருந்தேன். நானே எடுத்துத் தருகிறேன் என்று என் குரல் சொல்லும் என்று இரண்டு, மூன்று தடவை ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் அது முதலில் சொன்னது ஒன்றுதான். ஊர்ல என்ன சொல்லுவாக?

சொல்லாமல் விட்டது துரோகம்தான். அதில் நான் மாறவில்லை. ஆனால் அந்த வரி பொய். பொய்யை அவளுக்குக் கீழே அச்சடிக்க முடியாது.

அதையும் அடித்தேன். தாளில் வேறொன்றும் இல்லை. பன்னிரண்டரைக்குப் பிரஸ்ஸுக்குப் போன் செய்தேன்.

“மறுப்பு வரலம்மா. மெசின்ல ஏத்திருங்க.”

“எழுத நேரம் பத்தலையா தம்பி? வேணும்னா சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன்.”

“நேரம் இருந்துச்சும்மா,” என்றேன்.